சிப்புக்குள் ஒரு சோதனைக்கூடம்

காய்கறிக் கடையில் இருக்கும் மின்னணுத் தராசின் தட்டைக் கழற்றினால் அடியில் ஒரு அலுமினியக் கட்டை தெரியும். நடுவில் துளை போட்டு, துளைக்கு மேலும் கீழும் மெல்லிய மின்தடைத் தகடுகளை ஒட்டியிருப்பார்கள். அதிலிருந்து நான்கு வயர்கள் வரும். இதுதான் லோடு செல். எடை வைக்கும்போது கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, தகடுகளின் மின்தடை துளியளவு மாறுகிறது. இரண்டு வயர்களில் 5 வோல்ட் கொடுத்தால் மற்ற இரண்டுக்கும் இடையே மாறும் மின்னழுத்தம் கிடைக்கும். ‘வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட்’ என்று குறித்த 5 கிலோ செல்லில், முழு 5 கிலோவும் ஏற்றினாலும் அது 10 மில்லிவோல்ட்தான்.

இந்தப் பத்து மில்லிவோல்ட்டைக் கிராம் கணக்காக மாற்ற வேண்டும். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரின் ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி, 10 பிட். 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். அதாவது ஒன்றும் வைக்காத தட்டுக்கும் ஐந்து கிலோ வெங்காயத்துக்கும் இடையே இரண்டே படி வித்தியாசம். ஆகவே வெளியே ஒரு பெருக்கி, அதோடு நுண்ணிய ஏடிசி, நிலையான ஒப்பீட்டு மின்னழுத்தம் என்று தனித்தனிப் பாகங்கள் தேவை. இவையெல்லாம் சேர்ந்த ‘எச்எக்ஸ்711’ என்ற சிறிய சிப் ஒன்றை வாங்கிக் கோர்ப்பதுதான் பொதுவான வழக்கம்.

இன்னொரு வழியும் உண்டு. பெருக்கி, ஏடிசி, எண்ணை மின்னழுத்தமாக்கும் டிஏசி, இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் கம்பேரட்டர், லாஜிக் கேட்டுகள் எல்லாம் மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும் அதே சிப்பிலேயே இருக்கும். எதை எதோடு இணைப்பது, எந்தப் பின்னுக்கு எதைக் கொண்டுவருவது என்பதை நாமே முடிவு செய்யலாம். நாளைக்கு மனம் மாறினால் அந்த இணைப்பையும் மாற்றலாம். அனலாக், டிஜிட்டல் இரண்டும் கலந்த, நிரலால் உருமாற்றக்கூடிய இந்தக் குடும்பத்தில் அதிகம் புழங்குவது ‘பிசாக்’. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் டி.ஜே. ராட்ஜர்ஸும் கூட்டாளிகளும் 1982-இல் தொடங்கிய சைப்ரஸ் செமிகண்டக்டர் நிறுவனம் இதை 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. பிசாக் 3, பிசாக் 5 இரண்டும் 2009-இல் அறிவிக்கப்பட்டன, பிசாக் 4 பின்னர் வந்தது. 2020 ஏப்ரலில் ஜெர்மனியின் இன்ஃபினியன் நிறுவனம் சைப்ரஸை வாங்கிக்கொண்டதால் இப்போது சிப்புகள் அந்தப் பெயரில் வருகின்றன.

பயில்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிசாக் 5எல்பி. ‘சிஒய்8சிகிட்-059’ என்ற பலகையில் அது கிடைக்கும். பத்து டாலர் விலையில் வெளிவந்த, பென் டிரைவ் போலக் கணினியில் நேரே செருகும் பலகை அது. உள்ளே 32 பிட் கார்டெக்ஸ்-எம்3 மூளை, 256 கிலோபைட் ஃப்ளாஷ், 64 கிலோபைட் ரேம். அதே சிப்பில் 20 பிட் வரை செல்லும் டெல்டா-சிக்மா ஏடிசி ஒன்று, வேகமான 12 பிட் ஏடிசி இரண்டு, 8 பிட் டிஏசி நான்கு, பெருக்கியாக வேலை செய்யும் ஓப்-ஆம்ப் நான்கு, கம்பேரட்டர் நான்கு. இவற்றோடு, விரும்பிய டிஜிட்டல் சுற்றைக் கட்டிக்கொள்ள 24 சிறு கட்டங்கள். வேண்டியதை ‘பிசாக் கிரியேட்டர்’ என்ற மென்பொருளில் படமாக வரைய வேண்டும். ஏடிசி படத்தை இழுத்து வைத்து, பின் படத்தை இழுத்து வைத்து, நடுவே கோடு போட்டால் போதும். கோட்டை உண்மையான இணைப்பாக மாற்றுவது மென்பொருளின் பாடு. (விண்டோஸில் மட்டுமே ஓடும். லினக்ஸ்காரர்கள் இந்த இடத்தில் பல்லைக் கடிப்பார்கள்.)

உள்ளே நடப்பதில் ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிலிக்கானில் துல்லியமான மின்தடை செய்வது கடினம், இடமும் பிடிக்கும். அதனால் இந்தச் சிப்புகளின் அனலாக் கட்டங்கள் பலவற்றில் மின்தடைக்குப் பதிலாகச் சிறு கெப்பாசிட்டரையும் இரண்டு சுவிட்சுகளையும் வைக்கிறார்கள். ஒரு சுவிட்ச் மூடும்போது கெப்பாசிட்டர் நிறைகிறது. மற்றது மூடும்போது அது அடுத்த பக்கம் கொட்டிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மின்னூட்டம் இடம் மாறுகிறது. இது நொடிக்கு எத்தனை தடவை நடக்கிறதோ அதற்கேற்பச் சராசரி மின்னோட்டம் அமையும். ஒரு பைக்கோஃபாரட் கெப்பாசிட்டரை நொடிக்குப் பத்து லட்சம் முறை இப்படி மாற்றினால் அது ஒரு மெகா ஓம் மின்தடை போல நடந்துகொள்ளும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் மின்தடை பாதியாகும். வடிகட்டியின் எல்லை அலைவெண்ணைக் கடிகாரத்தைத் திருப்பியே மாற்றலாம் என்பது இதில் உள்ள அழகு. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. டிஜிட்டல் பக்கம் ஏதோ தேவைக்காக ஒரு கடிகாரத்தின் வகுஎண்ணை மாற்றுவீர்கள். அதே கடிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்த அனலாக் வடிகட்டி, நிரலில் ஒரு வரிகூட மாறாமலேயே வேறு வடிகட்டி ஆகிவிடும்.

பிழை தேடுவது இங்கே வேறு மாதிரி ஆவதற்குக் காரணம் இதுதான். சாதாரண மைக்ரோகன்ட்ரோலரில் தவறு இரண்டு இடங்களில்தான் இருக்க முடியும்: பலகையில் அல்லது நிரலில். பிசாக்கில் நடுவே மூன்றாவது இடம் ஒன்று இருக்கிறது. அது சிப்புக்குள் நீங்கள் வரைந்த சுற்று. மல்டிமீட்டர் முனை அங்கே எட்டாது, டீபக்கரில் வரிவரியாக ஓட்டினாலும் தெரியாது. ஆனால் அங்கே கைவைக்க ஒரு வழி இருக்கிறது. பயன்படுத்தாமல் மிஞ்சிக் கிடக்கும் டிஏசி, கம்பேரட்டர், கவுண்டர், பின் எல்லாமே அளவுகோல்கள்தாம். உள்ளே ஓடும் ஒரு சிக்னலைப் பார்க்க வேண்டுமானால் அதிலிருந்து ஒரு கோட்டைக் காலியான பின்னுக்கு இழுத்து, மறுபடி கம்பைல் செய்தால் போதும். சிப்பில் பாதியைத் திட்டத்துக்கும் மீதியை அந்தத் திட்டத்தைச் சோதிக்கவும் வைத்துக்கொள்பவர்களுக்குத்தான் பிசாக் கைவசப்படும்.

தராசுக்கு வருவோம். டெல்டா-சிக்மா ஏடிசியின் உள் ஒப்பீட்டு மின்னழுத்தம் 1.024 வோல்ட். அதன் உள்ளீட்டு வரம்பை இதன் பதினாறில் ஒரு பங்குக்கு, அதாவது கூட்டல் கழித்தல் 64 மில்லிவோல்ட்டுக்குக் குறுக்கலாம். மொத்தம் 128 மில்லிவோல்ட்டை 20 பிட்டால் பிரித்தால் ஒரு படி 0.122 மைக்ரோவோல்ட். நம் 10 மில்லிவோல்ட் ஏறத்தாழ 82,000 படிகளாகப் பிரியும். ஐந்து கிலோவுக்கு 82,000 படி என்றால் படிக்கு 0.06 கிராம். காகிதத்தில் இது பிரமாதமாக இருக்கும். நடப்பில் கடைசிச் சில பிட்கள் இரைச்சலிலேயே கரைந்துபோகும். பல அளவுகளைச் சராசரி எடுத்து ஒரு கிராம் நிலையாக வந்தால் அதுவே நல்ல தராசு. வெளியே ஒரு பெருக்கிகூட வைக்காமல் இது கிடைக்கிறது என்பதுதான் லாபம். (வீட்டில் செய்ததை வைத்து யாருக்கும் விற்கக் கூடாது. வியாபாரத் தராசுக்கு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சரிபார்ப்பும் முத்திரையும் வேண்டும்.)

20 பிட்டில் இந்த ஏடிசி நொடிக்கு 180 அளவுகளுக்குப் பக்கத்தில்தான் எடுக்கும். தராசுக்கு அது தாராளம். எத்தனை அளவைச் சராசரி எடுப்பது என்பதை மனம்போனபடி முடிவு செய்யக் கூடாது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்று 20 மில்லிநொடி. சராசரி எடுக்கும் நேரம் இதன் முழு மடங்காக இருந்தால் வயர்களில் ஏறும் மின்கம்பி இரைச்சலில் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 100 மில்லிநொடி எடுங்கள். அது 50 ஹெர்ட்ஸில் ஐந்து முழுச் சுற்று, அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் ஆறு முழுச் சுற்று. இரண்டு ஊரிலும் செல்லும்.

வரையும்போது அனலாக் பின்களுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள், எல்ஈடி, பட்டன், திரை எல்லாம் மிஞ்சியதில் உட்காரட்டும். மென்பொருளையே தேர்ந்தெடுக்க விட்டால் எங்கேயாவது சேர்த்துவிடும்தான். ஆனால் உள்ளே போகும் பாதை பல சுவிட்சுகள் வழியாகச் சுற்றி வரலாம், ஒவ்வொரு சுவிட்சும் தன் பங்குக்குச் சில நூறு ஓம்களைச் சேர்க்கும். படத்தில் கோடு நேராக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. ஓப்-ஆம்ப்களுக்கென்றே தனிப் பின்கள் ஒதுக்கப்பட்டுள்ளன, அவற்றுக்கு நேர்ப்பாதை உண்டு. அவற்றைத் தேர்ந்தால் வெளியீடு தளராது.

இனி நோய்களைப் பார்க்கலாம். பலகையில் மின்சாரம் சரியா, லூஸ் கான்டாக்ட் இருக்கிறதா என்று பார்ப்பதை எல்லோரும் சொல்வார்கள், செய்பவர்கள்தான் குறைவு. பிரெட்போர்டில் கட்டிய சுற்றுகளில் வரும் ‘மர்மங்களில்’ பெரும்பாலானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். சொந்தமாகப் பலகை வடிவமைத்தால் 5எல்பி-யில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அனலாக் பகுதிக்கான மின்னழுத்தம் மற்ற எந்த மின்னழுத்தத்தையும்விடக் குறையக் கூடாது. உள் டிஜிட்டல் ரெகுலேட்டரின் வெளியீட்டுப் பின்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்து 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட வேண்டும். அந்தப் பின்னிலிருந்து வேறு எதற்கும் மின்சாரம் எடுக்கக் கூடாது.

அடுத்து, எல்லோரையும் ஒரு முறையாவது பிடித்துக்கொள்ளும் நோய்: எல்லாம் சரியாக வரைந்திருக்கிறது, பலகை உயிரோடு இருக்கிறது, ஏடிசி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் வைத்த கட்டங்களில் பல தாமாக ஓடாது. நிரலில் ஒவ்வொன்றுக்கும் ‘ஸ்டார்ட்’ கட்டளை கொடுக்க வேண்டும், ஏடிசிக்கு அதன் பின் ‘ஸ்டார்ட் கன்வர்ட்’ கட்டளையும் வேண்டும். இன்டரப்ட் பயன்படுத்தினால் மொத்த இன்டரப்ட் அனுமதியையும் திறக்க வேண்டும். இன்டரப்டுக்குள் மாறும் மாறியை ‘வாலடைல்’ என்று அறிவிக்காவிட்டால் டீபக் கட்டமைப்பில் ஓடும் நிரல் ரிலீஸ் கட்டமைப்பில் படுத்துவிடும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

தராசில் கட்டாயம் சந்திக்கும் நோய் வேறு. தட்டு காலியாக இருக்கும்போது திரையில் 0, 1, 0 என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென்று 65535 என்று குதிக்கும், அடுத்த நொடி மறுபடி 0. ஏடிசி கெட்டுவிட்டது என்று தோன்றும், ஆனால் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இரைச்சலால் அளவு கழித்தல் 1 ஆவது இயல்பு. டெல்டா-சிக்மா ஏடிசியின் விடை குறியுள்ள எண். அதைக் குறியில்லாத 16 பிட் மாறியில் போட்டால் கழித்தல் 1 என்பது 65535 ஆக வேடம் மாறிவிடும். விடையைக் குறியுள்ள 32 பிட் மாறியில் வாங்குங்கள். 16 பிட்டுக்கு மேல் தெளிவு கேட்டால் 32 பிட் விடை தரும் கட்டளையையே அழையுங்கள். எண் 65535-க்குப் பக்கத்தில் தத்தளித்தாலோ ஒரு நிலையில் உட்கார்ந்துவிட்டாலோ மின்சுற்றைத் தொடும் முன் மாறியின் வகையைப் பாருங்கள்.

எடையைத் தசமத்தோடு திரையில் காட்டப் போனால் இன்னொன்று காத்திருக்கும். ‘எஸ்பிரின்ட்எஃப்’ வைத்து 1.250 என்று அச்சிடச் சொன்னால் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக வரும். பிசாக் 5எல்பி-க்கான கம்பைலர் இடத்தை மிச்சம் பிடிக்க, தசம எண்களை அச்சிடும் பகுதியைச் சேர்க்காமலேயே விட்டிருக்கும். லிங்கர் அமைப்பில் அதை இயக்கி, ஹீப் அளவையும் கூட்ட வேண்டும். இயக்குவதை விட்டுவிட்டு, எடையைப் பத்தில் ஒரு கிராம் கணக்கில் முழு எண்ணாகவே வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் நடுவில் புள்ளி போடுவதே மேல் என்பது என் கருத்து. கணக்கும் வேகமாகும், வட்டமாக்கும் பிழைகளும் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

டிஏசி வைத்து ஒலி அலை உண்டாக்க முயல்பவர்கள் அந்தப் பத்து டாலர் பலகையிலேயே ஒரு பொறியில் விழுவார்கள். நிரல் சரி, பின்னில் ஆசிலோஸ்கோப் வைத்தால் ஒரு கிலோஹெர்ட்ஸ் அலைக்குப் பதில் நேர்க்கோடு. பலகையில் போர்ட் 0-இன் 2, 3, 4 எண் பின்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொழிற்சாலையிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள். ஏடிசிகளின் ஒப்பீட்டு மின்னழுத்தத்தை நிலைப்படுத்த வைத்தவை அவை. நம் டிஏசி 4 வோல்ட் வரம்பில் இருக்கும்போது அதன் வெளியீட்டு மின்தடை 16 கிலோ ஓம். பதினாறு கிலோ ஓமும் ஒரு மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 10 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் நசுக்கும் வடிகட்டி. கெப்பாசிட்டரைக் கழற்றலாம், அதைவிட வேறு பின்னுக்குக் கோட்டை மாற்றுவது சுலபம். இந்தக் குடும்பத்தில் ‘வேறு பின்’ என்பது ஒரு நிமிட வேலை.

அதே 16 கிலோ ஓம் இன்னொரு வேடத்திலும் வரும். டிஏசியை 4 வோல்ட்டுக்கு வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 4 வோல்ட்தான் காட்டும். ஏதோ ஒரு சுற்றில் 10 கிலோ ஓம் சுமையோடு இணைத்ததும் ஒன்றரை வோல்ட்டுக்கு விழுந்துவிடும். மல்டிமீட்டரின் உள் மின்தடை வழக்கமாக 10 மெகா ஓம் என்பதால் அதன் கண்ணுக்கு எல்லாமே நலம். மிஞ்சிக் கிடக்கும் ஓப்-ஆம்ப் ஒன்றைப் படத்தில் இழுத்து, பின்பற்றும் நிலையில் டிஏசிக்கும் பின்னுக்கும் நடுவே வைத்தால் பிரச்சினை தீரும். வேறு மைக்ரோகன்ட்ரோலரில் இதற்குக் கடைக்குப் போய் ஒரு சிப் வாங்கி வந்து சால்டர் செய்ய வேண்டியிருக்கும்.

பழைய பிசாக் 1-இல் ஒரு விசித்திரமான நோய் உண்டு, அந்தச் சிப்புகள் இன்னும் பல கருவிகளில் ஓடுவதால் சொல்லியாக வேண்டும். ‘சிஒய்8சி27443’ என்ற பிரபலமான வகையில் 16 கிலோபைட் ஃப்ளாஷும் 256 பைட் ரேமும்தான். ஒரு போர்ட்டில் பட்டன் ஒன்றும் எல்ஈடி ஒன்றும் இருக்கிறது. எல்ஈடி மினுங்கிக்கொண்டிருக்கிறது. பட்டனை அழுத்திவிட்டு விட்டால், அது விடுபட்டதாகவே நிரலுக்குத் தெரியாது. நிரந்தரமாக அழுத்தியபடியே இருக்கும். பட்டனை மாற்றுவார்கள், வயரை மாற்றுவார்கள், அப்படியேதான் இருக்கும்.

காரணம் இது. பட்டன் பின்னை ‘மேல்நோக்கி இழுக்கும் மின்தடை’ நிலையில் வைத்திருப்போம். அந்த நிலையில் ரிஜிஸ்டரில் 1 எழுதினால் பின் மின்தடை வழியாக மென்மையாக மேலே இருக்கும், பட்டன் அதைக் கீழே இழுக்க முடியும். 0 எழுதினால் பின்னே கீழே பலமாகப் பிடித்துக்கொள்ளும். எல்ஈடியை மாற்ற எழுதும் வரி மூன்று வேலைகளைச் செய்கிறது: போர்ட்டைப் படிக்கிறது, ஒரு பிட்டை மாற்றுகிறது, முழுவதையும் திரும்ப எழுதுகிறது. படிக்கும்போது கிடைப்பது நாம் முன்பு எழுதிய மதிப்பு அல்ல, பின்னில் அந்த நொடியில் இருக்கும் நிலை. பட்டன் அழுத்தியிருக்கும் நேரத்தில் இது நடந்தால், பட்டன் பின்னின் 0 படிக்கப்பட்டு, 0 ஆகவே எழுதப்படுகிறது. அதன் பின் பட்டனை விட்டாலும் பின் தானே தன்னைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கும். போர்ட்டின் மதிப்பை ரேமில் ஒரு நிழல் மாறியாக வைத்து, மாற்றங்களை அதில் செய்து, அதை மட்டும் போர்ட்டில் எழுதுவதுதான் மருந்து. பிசாக் 3, 5எல்பி-யில் எழுதிய மதிப்பைப் படிக்க ஒரு ரிஜிஸ்டர், பின்னின் நிலையைப் படிக்க இன்னொன்று என்று பிரித்துவிட்டதால் இது வராது.

தகவல் தொடர்பு நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐ-டூ-சி சாதனம் பதில் சொல்லவில்லை என்றால் முகவரியைப் பாருங்கள். டிஎஸ்1307 கடிகாரச் சிப்பின் ஏழு பிட் முகவரி தசமத்தில் 104. சில ஆவணங்கள் எழுது பிட்டையும் சேர்த்து 208 என்று தரும். பிசாக் கிரியேட்டர் கேட்பது ஏழு பிட் முகவரி. அடுத்து, இரண்டு கம்பிகளிலும் மேல்நோக்கி இழுக்கும் ரெசிஸ்டர் இருக்கிறதா, பின்கள் திறந்த வடிகால் நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சீரியல் இணைப்பில் குப்பை எழுத்துகள் வந்தால் கடிகாரம்தான் குற்றவாளி. 115200 வேகத்துக்கு எட்டு மடங்கு கடிகாரம், அதாவது 921.6 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 26-ஆல் வகுத்தால் பிழை 0.2 சதவீதத்துக்கும் கீழே. மூன்று மெகாஹெர்ட்ஸிலிருந்து மூன்றால் வகுத்தால் எட்டரை சதவீதம். பத்து பிட் கொண்ட ஒரு எழுத்துக்குள் அரை பிட் நழுவினாலே போயிற்று என்பதால், எட்டரை சதவீதத்தில் எதுவும் தேறாது. அதோடு 5எல்பி-யின் உள் ஆசிலேட்டர் 3 மெகாஹெர்ட்ஸில் 1 சதவீதத்துக்குள் நிற்கும், 24-இல் நேரே வைத்தால் 4 சதவீதம் வரை விலகலாம். ஆகவே ஆசிலேட்டரை 3-இல் வைத்து, பிஎல்எல் வழியாகப் பெருக்கி, பெரிய எண்ணிலிருந்து வகுப்பதே சரி. கடிகாரத்தை ஒரு பின்னுக்குக் கொண்டுவந்து அளந்து பார்த்தால் வாதமே வேண்டாம்.

தராசில் கடைசியாக மிஞ்சுவது, எல்லாம் ஒழுங்காக ஓடிய பிறகும் எடை தானாக நகர்வது. ஒரு கிலோ கல்லை வைத்தால் 1000 காட்டுகிறது. திரையின் பின்விளக்கு எரிந்ததும் 980. கல் இளைக்கவில்லை. இங்கே எதையும் கழற்றாமல், சிப்புக்குள்ளேயே பிரித்துப் பார்க்கலாம். ஏடிசிக்கு முன்னால் ஒரு அனலாக் மக்ஸ் வையுங்கள், அதாவது உள்ளே இருக்கும் பல வழிச் சுவிட்ச். முதல் வழியில் லோடு செல்லின் இரண்டு வயர்கள் போகட்டும். இரண்டாம் வழியில் ஏடிசியின் இரண்டு உள்ளீடுகளும் செல்லின் ஒரே வயரில் சேரட்டும். மூன்றாம் வழியில், செல்லுக்குக் கொடுக்கும் 5 வோல்ட் இரண்டு ரெசிஸ்டர்களால் ஒரு வோல்ட்டுக்கு இறங்கி வரட்டும். மூன்றாவதற்கு மட்டும் ஏடிசியின் வரம்பைப் பெரியதாக்க வேண்டும். ஒரே ஏடிசியில் நான்கு அமைப்புகள் வரை எழுதி வைத்து, ஓடும்போதே மாற்றிக்கொள்ள முடியும். வழியை மாற்றிய பின் வரும் முதல் அளவைத் தூக்கி எறியுங்கள், பழைய வழியின் மிச்சம் அதில் ஒட்டியிருக்கும்.

இப்போது இரண்டாம் வழியைப் பாருங்கள். உள்ளீடுகள் இரண்டும் ஒன்றாக இருப்பதால் விடை பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அதுவே ஆடினால் நோய் ஏடிசியிலோ கிரவுண்டிலோ. அது அசையாமல் முதல் வழி மட்டும் ஆடினால் நோய் செல்லிலும் அதன் வயரிலும். நம் தராசில் இரண்டாம் வழி அசையவில்லை. மூன்றாம் வழியைப் பார்த்தால், பின்விளக்கு எரியும்போது அதுவும் 2 சதவீதம் குறைகிறது. யுஎஸ்பி-யின் 5 வோல்ட் 4.9 ஆகியிருக்கிறது. செல் தரும் சிக்னல் தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்துக்கு நேர் விகிதம், ஏடிசியோ அசையாத 1.024 வோல்ட்டை வைத்து அளக்கிறது. இரண்டுக்கும் உறவில்லாததால் மின்சாரம் குறைந்தால் எடையும் குறைந்ததாகத் தெரிகிறது.

மருந்தும் அந்த மூன்றாம் வழியிலேயே இருக்கிறது. முதல் அளவை மூன்றாம் அளவால் வகுத்துவிடுங்கள். மின்சாரம் ஏறினால் இரண்டும் ஏறும், விகிதம் மாறாது. ஒப்பீட்டு மின்னழுத்தத்தின் மெதுவான நகர்வும் இந்த வகுத்தலில் பெரும்பாலும் அடிபட்டுவிடும். மூன்றாம் அளவை வேகமான 12 பிட் ஏடிசியில் அளந்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். அதன் ஒரு படி 4096-இல் ஒன்று. ஒரு கிலோவில் கால் கிராம் சும்மா அங்கேயே ஆடும். அந்த ஒரு வோல்ட்டையே ஏடிசிக்கு வெளி ஒப்பீடாகக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. போர்ட் 0-இன் 3-ஆம் பின்னில் 0.9-இலிருந்து 1.3 வோல்ட் வரை அது ஏற்கும். சற்றுமுன் ஒலி அலையை விழுங்கிய கெப்பாசிட்டர் அங்கே உதவிக்கு வரும்.

இதற்குப் பிறகும் ஐந்து கிலோவை வைத்து விட்டுவிட்டால் சில நிமிடங்களில் ஒரு கிராம், இரண்டு கிராம் நகரலாம். இரண்டாம் வழி அசையவில்லை, மூன்றாம் வழி அசையவில்லை என்றால் அது அலுமினியமும் பசையும் பாரத்தில் மெதுவாக இளகுவது, வெப்பத்தில் விரிவது. அதைச் சிப்பில் தேடிப் பயனில்லை. நல்ல செல் வாங்க வேண்டும், அல்லது தட்டு காலியாக இருக்கும்போதெல்லாம் பூஜ்யத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அந்த மக்ஸையும் இரண்டு சோதனை வழிகளையும் அழித்துவிடத் தோன்றும். அழிக்காதீர்கள். எடையைப் பூஜ்யமாக்கும் ‘டேர்’ பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் மூன்று வழிகளின் எண்களும் திரையில் வரட்டும். தராசு தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால், அந்த மூன்று எண்களைப் படிக்கச் சொன்னாலே செல்லா, மின்சாரமா, சிப்பா என்பது தெரிந்துவிடும். 256 கிலோபைட்டில் அதற்கு ஒரு மூலை போதும்.